குடை முறை

கருப்பண்ணனுக்கு அழுகை வராது. மகளைக் கட்டிக்கொடுத்து ஜீப்பில் ஏற்றி அனுப்பிய அன்று மனைவி பாவாயி தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். இவரோ பின்சக்கரத்தில் காற்று குறைவாக இருக்கிறது என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு ஊரில் பிறந்திருந்தால் கல்நெஞ்சக்காரன் என்று பேர் வாங்கிக்கொண்டு நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டில், அதுவும் குடை முறை உள்ள வீட்டில் பிறந்து தொலைத்துவிட்டார். வருஷத்தில் ஒரு நாள், முந்நூறு பேர் பார்க்க, சாமி முன்னால் அவர் கண் நனைந்தே ஆகவேண்டும்.

குடை முறை என்பது ஆனிக் கடைசி வெள்ளியன்று நடக்கிற நோம்பித் திருவிழாவின் முக்கியமான காரியம். இரண்டு வீட்டுக்குத்தான் அந்த உரிமை. கருப்பண்ணன் வீட்டிலிருந்து ஒருவர், அவருக்கு மாப்பிள்ளை முறையாகிற வெள்ளியங்கிரி வீட்டிலிருந்து ஒருவர். உச்சி வெயிலில் இருவரும் ஒரே கறுப்புக் குடைக்குள் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி வந்து சாமி முன்னால் நிற்பார்கள். மழை வராத நேரத்தில் குடை எதற்கு என்று கேட்கக் கூடாது. மழை வரவேண்டும் என்பதற்குத்தான் குடை.

நின்றதும் கருப்பண்ணன் குடையை வெள்ளியங்கிரி பக்கம் நீட்டி, "தாங்கள் நனையலாகாது" என்பார். வெள்ளியங்கிரி அதைத் திருப்பி நீட்டி, "தாங்கள் நனைந்தால் அடியேன் உயிர் தரியேன்" என்பார். இப்படி ஏழு தடவை குடை போகும், வரும். மலையில் யாரும் தாங்கள், அடியேன் என்று பேசுவதில்லை; அதனாலேயே அது சாமிப் பேச்சு என்று ஊருக்கு ஒரு பயம். ஏழாவது தடவை முடிந்ததும் குடையைக் கல்லில் உள்ள குழியில் நட்டுவிட்டு, இருவரும் ஆளுக்கொரு பக்கம் வெயிலில் விலகிக் கைகட்டி நிற்பார்கள். ஒரு ஆட்டைக் கொண்டுவந்து குடைக்கடியில் நிறுத்துவார்கள். பிறகு வெள்ளியங்கிரி மூன்று முறை தும்மவேண்டும். ஒவ்வொரு தும்மலுக்கும் கருப்பண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து, அவர் தலைக்கு மேலே பிடித்து முறுக்கிப் பிழிந்து, மறுபடி கட்டிக்கொள்ளவேண்டும். காய்ந்த துண்டு, ஒரு சொட்டு வராது. கடைசியில் இருவரும் ஆட்டைப் பார்த்துக் குனிந்து, "தங்கள் சித்தம்" என்று சொன்னால் முடிந்தது. பெண்கள் குலவை போடுவார்கள். அந்த ஆட்டை யாரும் வெட்டமாட்டார்கள், அவிழ்த்து விட்டுவிடுவார்கள்.

இதில் யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தவன் வீட்டுக்கு அந்த வருஷம் பிரசாதம் கிடையாது. முறைக்கு நிற்கிறவனே சிரித்தால் முறையே போச்சு. அப்படி யாரும் சிரித்ததாகப் பேச்சும் இல்லை. சாமி காரியத்தில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஆனால் அழவேண்டும். நிற்கிற இருவர் கண்ணிலும் தண்ணீர் வந்தால் வானத்திலும் வரும் என்பது ஊர்க் கணக்கு. கருப்பண்ணனின் அப்பனுக்கு முதல் தும்மலிலேயே கண்ணீர் தாடை வரை இறங்கும், தோள் குலுங்கும், சாமி முழுசாக இறங்கிவிட்டது என்று ஊரே கும்பிடும். அந்த மனுஷன் சில்வர் ஓக் மரத்தில் ஏணி வைத்து மிளகு பறிக்கும்போது விழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். மறு வருஷம் முப்பத்திரண்டு வயதுக் கருப்பண்ணன் குடையைப் பிடித்தார். இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. வெள்ளியங்கிரிக்கு அவர் அப்பனைப் போலவே வருஷம் தவறாமல் கண்ணீர் கொட்டுகிறது. இவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. செத்த அப்பனை நினைத்துப் பார்த்தார். துக்கம் தொண்டை வரை வந்து நின்றது, மேலே ஏறவில்லை. ஒரு வருஷம் பாவாயி துண்டுக்குள் வெங்காயத்தை நசுக்கிக் கட்டிக்கொடுத்தாள். குடைக்கடியில் நின்ற ஆடு மோப்பம் பிடித்து வந்து துண்டைப் பிடித்து இழுத்தது. இன்னொரு வருஷம் மிளகாய் தொட்ட விரலைக் கண்ணில் வைத்தார். தண்ணீர் வரவில்லை, கண் சிவந்ததுதான் மிச்சம். சாமி கோபமாக இருக்கிறது என்று பூசாரி சொல்லி, பரிகாரத்துக்கு இரண்டு கிடாய் வெட்டினார்கள்.

மழை ஒழுங்காகப் பெய்த வருஷங்களில் யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. கடந்த மூன்று வருஷமாக மழை தப்பித் தப்பிப் பெய்கிறது. பூக்கிற நேரத்தில் காய்ந்து மிளகு உதிர்கிறது, பிடுங்குகிற நேரத்தில் கொட்டிக் குச்சிக்கிழங்கு அழுகுகிறது. எல்லோரும் பார்க்க ஆரம்பித்தார்கள். கருப்பண்ணனின் சித்தப்பா மகன் முருகானந்தம் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, மரியாதையாகத்தான், போட்டு உடைத்தான்.

"அண்ணன் மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க. ஆனா அண்ணன் கண்ணு நனைஞ்சு யாராச்சும் பார்த்திருக்கீங்களா? எனக்குச் சும்மா நின்னாலே தண்ணி வருமுங்க."

அது உண்மை. முருகானந்தம் டிவி சீரியலுக்கே அழுகிற ஆள். ஊர்க்கவுண்டர் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்துவிட்டு, "இந்த வருஷம் பார்க்கலாம். இந்த வருஷமும் கண்ணு காஞ்சு கெடந்தா, முறை முருகானந்தத்துக்கு" என்று முடித்தார்.

முறை முடிந்ததும் பூசாரி தலையில் கட்டுகிற பரிவட்டம் போனால் போகட்டும் என்று கருப்பண்ணன் விட்டிருப்பார். அவரைத் தின்றது வேறு. தன் கண் காய்ந்து கிடப்பதால்தான் ஊர் காய்கிறதோ என்று அவர் மெய்யாகவே நம்பத் தொடங்கியிருந்தார். கிழங்கு அழுகினவன் எதிரில் வந்தால் வேறு வழியாகப் போனார். சாப்பாடு குறைந்தது.

நோம்பிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, காலைப் பஸ்ஸில் செம்மேட்டில் இறங்கி, ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பேர் சத்யா, சென்னையில் பழைய சினிமாப் படங்களைத் தேடி எடுத்துச் செப்பனிடுகிற வேலை. மலைப்பாதைத் திருப்பங்களில் இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். பாவாயி மோர் கொடுத்து உட்காரவைத்தாள். களத்தில் மிளகு துழாவிக்கொண்டிருந்த கருப்பண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"போன வருஷத் திருவிழாவை யாரோ டூரிஸ்ட் எடுத்து இன்டர்நெட்டில் போட்டிருந்தாங்க ஐயா. குடை, ஆடு, துண்டு. அதைப் பார்த்துட்டுதான் வந்தேன்" என்றாள் சத்யா. "ஒத்தைநாடி அப்பாசாமி, ரெட்டைநாடி வைரவன், இந்தப் பேரு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"எந்த ஊருக்காரங்க அம்மிணி?"

"சினிமாக்காரங்க. பேசும்படம் வந்த புதுசுல ரெண்டு பேரும் ஜோடியா காமெடி பண்ணினவங்க."

அவள் விளக்கிச் சொன்னாள். அந்தக் காலத்தில் புராணப் படத்தின் நடுவே, கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு ஹாஸ்யத் துண்டைச் சேர்த்து ஓட்டுவார்களாம். ஒல்லியும் குண்டுமாக இந்த இருவரும் அப்படி நான்கு படங்களில் வந்தார்கள், பிறகு என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியாது. படங்களும் போய்விட்டன. போன வருஷம் சேலத்துப் பக்கம் ஒரு பழைய கொட்டகையை இடித்தபோது தகர டப்பாவில் ஒரே ஒரு சுருள் கிடைத்தது. படம் தெளிவாக இருக்கிறது. ஓரத்தில் இருந்த சத்தப் பகுதி மட்டும் பூஞ்சை பிடித்து அழிந்துவிட்டது. வாய் அசைகிறது, என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை.

"காட்டு பார்க்கலாம்" என்றார் கருப்பண்ணன், மரியாதைக்கு.

அவள் போனை நீட்டினாள். மழை கொட்டுகிற ஒரு ரோடு. ஒரே குடைக்குள் ஒரு நெட்டையன், ஒரு குண்டன், இருவர் தலையிலும் ஜரிகைத் தலைப்பாகை. கருப்பண்ணன் போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். நெட்டையன் குடையை நீட்டினான், வாய் அசைந்தது. அதே நேரத்தில், அவரைக் கேட்காமலே, கருப்பண்ணனின் வாய் சொன்னது: "தாங்கள் நனையலாகாது."

உதடு ஒட்டின மாதிரி பொருந்தியது. குண்டன் திருப்பி நீட்டினான். "தாங்கள் நனைந்தால் அடியேன் உயிர் தரியேன்" என்றார் கருப்பண்ணன். கோயிலுக்கு வெளியே சொல்லக் கூடாத வார்த்தை. நிறுத்த முடியவில்லை, அங்கே உதடு அசைந்தால் இங்கே வார்த்தை வந்தது. குடை போயிற்று, வந்தது. ஒவ்வொரு தடவையும் இருவரும் நன்றாக நனைந்தார்கள். ஏழாவது தடவை குடையை ஜல்லிக் குவியலில் நட்டுவிட்டு, ஒருவருக்கொருவர் மரியாதை பண்ணிக்கொண்டு, கொட்டுகிற மழையில் போய் நின்றார்கள். எங்கிருந்தோ ஒரு ஆடு வந்து குடைக்கடியில் சௌகரியமாக நின்றுகொண்டது. குண்டன் தும்மினான். நெட்டையன் பதறிப்போய்த் தன் தலைப்பாகையை அவிழ்த்து, அவன் தலைக்கு மேலேயே பிழிந்தான். ஒரு குடம் தண்ணீர் குண்டன் முகத்தில் கொட்டியது. அவன் மறுபடி தும்மினான்.

கருப்பண்ணனின் தொண்டையில் ஏதோ உடைந்தது. முதலில் இருமல் மாதிரி வந்தது, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு களத்திலேயே உட்கார்ந்துவிட்டார். காய வைத்த மிளகு சிதறி ஓடியது. அடுப்படியிலிருந்து பாவாயி கரண்டியோடு ஓடிவந்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் இந்தச் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை.

"ஏனுங்க! என்னாச்சுங்க? ஏனம்மிணி, என்னத்தைக் காட்டினே?"

அவர் போனைத் தூக்கிக் காட்டினார். நெட்டையனும் குண்டனும் ஆட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தார்கள். "தங்கள் சித்தம்" என்று சொல்வதற்குள் அவருக்கு மூச்சு முட்டியது.

சிரித்து ஓய்ந்தபிறகுதான் பயம் வந்தது. இது சாமி காரியம் இல்லையா? சினிமாவா? சத்யா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நீங்க பேசினது என் இன்னொரு போனில் பதிவாயிடுச்சுங்க ஐயா. இத்தனை வருஷத்துல அவங்களோட பேச்சு கிடைச்சது உங்ககிட்ட மட்டும்தான். வேணாம்னா அழிச்சிடறேன்."

கருப்பண்ணன் வெகுநேரம் மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "வச்சுக்க. ஊரு பேரு மட்டும் எங்கயும் வரக் கூடாது" என்றார்.

"வராதுங்க." அவள் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணுதான் ஆச்சரியம். உலகமே மறந்துபோன காமெடி இங்கே மட்டும் வருஷா வருஷம் நடக்குது, ஒருத்தர் கூட சிரிக்கல" என்றாள்.

அடுத்த ஒன்பது நாளும் கருப்பண்ணன் பட்ட பாடு சொல்லி மாளாது. இதுவரை அழுகை வராதே என்று பயந்த மனுஷன், இப்போது சிரிப்பு வந்துவிடுமே என்று பயந்தார். ரேஷன் கடை வரிசையில் ஒருவர் குடை வைத்திருந்தார். இவர் வரிசையை விட்டே ஓடிவந்தார். குளித்துவிட்டுத் துண்டைப் பிழிகிறபோது சிரிப்பு, ஆடு கத்தினால் சிரிப்பு. அழாவிட்டால் முறைதான் போகும். சிரித்துவிட்டால் முறை போவதோடு வீட்டுப் பேரே நாறிவிடும். உடம்பு சரியில்லை என்று படுத்துவிடலாமா என்று கூட யோசித்தார். படுத்தால் அன்றே முருகானந்தம் குடையைப் பிடித்துவிடுவான்.

வெள்ளி வந்தது. சத்யா பெண்கள் கூட்டத்தோடு நின்றாள். மூன்று சுற்று வருவதற்குள் கருப்பண்ணன் உள்கன்னத்தைக் கடித்து ரத்தம் வரவைத்திருந்தார். சாமி முன்னால் நின்றார். மூலையில் முருகானந்தம், சலவை வேட்டி கட்டித் தயாராக.

"தாங்கள் நனையலாகாது" என்றார். குரல் நடுங்கியது. கூட்டத்தில் யாரோ 'சாமி' என்று முனகினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லை, இரண்டு பெரிய மனுஷர்கள் ஒருவரையொருவர் நனையாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது தடவையில் விலா வலித்தது. குடையை நட்டார்கள். ஆட்டைக் கொண்டுவந்தார்கள். ஆடு குடைக்கடியில் நின்று, ஊர்க்கவுண்டர் முகத்தை ஏற இறங்கப் பார்த்தது.

வெள்ளியங்கிரி தும்மினார். கருப்பண்ணன் துண்டை அவிழ்த்து, அவருடைய வழுக்கைத் தலைக்கு மேலே பிடித்து, முறுக்கினார். பல்லைக் கடித்தார், வயிற்றை எக்கினார், மூச்சை நிறுத்தினார். வாய் வழியாகப் போக முடியாத சிரிப்பு கண் வழியாகப் புறப்பட்டது. கண் நிறைந்தது, வழிந்தது, மீசை நனைந்தது, தாடையிலிருந்து சொட்டியது. தோள் குலுங்கியது. அப்பன் தோள் குலுங்கியது போலவே குலுங்கியது. அந்த நொடியில் அவருக்குப் புரிந்தது. அப்பனுக்கு எந்தச் சாமியும் இறங்கவில்லை. அந்த மனுஷனும் இதே இடத்தில் நின்று, சிரிக்காமல் இருக்க இதே பாடுதான் பட்டிருக்கிறார். சொல்லிவிட்டுப் போக நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அப்பன் மேல் அவருக்கு அன்றுதான் முழுசாகப் பாசம் வந்தது.

குலவை மலையில் எதிரொலித்தது. "அப்பனாட்டமே! அப்பனாட்டமே!" என்று கிழவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். முருகானந்தமே அழுதுகொண்டிருந்தான். பூசாரி பரிவட்டத்தைக் கருப்பண்ணன் தலையில் கட்டிவிட்டு, அடுத்ததை எடுத்துக்கொண்டு வெள்ளியங்கிரி பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார்.

வெள்ளியங்கிரியின் கண் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. முகம் செத்த வீட்டுக்கு வந்தவர் முகம் மாதிரி இருந்தது. கட்டலாமா என்று பூசாரி ஊர்க்கவுண்டரைப் பார்த்தார். ஊர்க்கவுண்டர் தாடியைச் சொறிந்தார்.

"என்னப்பா வெள்ளியங்கிரி, இது புதுசா இருக்குது? செரி, கட்டுங்க. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது கருப்பண்ணன், கோயிலுக்குப் பின்னால் பலா மரத்தடியில் வெள்ளியங்கிரியைக் கண்டுபிடித்தார். பரிவட்டத்தை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, உனக்கு ஒண்ணு சொல்லணும். இது சாமி காரியம் இல்லடா. சினிமாவுல வந்தது. என் கண்ணால பார்த்தேன்."

"தெரியும்" என்றார் வெள்ளியங்கிரி.

அவரே மேலே சொன்னார்.

"நம்ம பாட்டனுங்க ரெண்டு பேரும் மிளகு மூட்டை இறக்க அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்குப் போனப்ப, டென்ட் கொட்டாயில இந்தப் படத்தைப் பார்த்தாங்களாம். திரும்பி வந்து நோம்பியில சும்மா வெளையாட்டுக்கு ஆடிக் காட்டியிருக்காங்க. அன்னிக்குன்னு பார்த்து மழை கொட்டிப்போச்சு. மறு வருஷம் பூசாரி கூப்பிட்டு, சாமி அதைத்தான் கேட்குது, அது என்ன வழிபாடுன்னு கேட்டாரு. சினிமாவுல பார்த்த கூத்துன்னு சொல்ல முடியுமா? மழைக்கு உண்டான மொறைன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் சிரிக்கக் கூடாதுன்னு ஆயிப்போச்சு. சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணுல தண்ணி. எங்கப்பன் எனக்குச் சொன்னாரு. உங்கப்பன் உனக்குச் சொல்லியிருப்பாருன்னுதான் நெனச்சேன்."

"சொல்லல. சொல்றதுக்குள்ள செத்துட்டாரு."

"உனக்குத் தெரியாதுன்னு மொத வருஷமே தெரிஞ்சுபோச்சு மச்சான். நீ நின்ன நிலை அப்படி. சத்தியமா சாமிகிட்ட நிக்கிற மாதிரி, மூஞ்சியை அவ்வளவு நேர்மையா வச்சுக்கிட்டு, காஞ்ச துண்டை எடுத்து என் தலை மேல பிழியறே."

"இருபத்தாறு வருஷம்டா." கருப்பண்ணனின் குரல் உயர்ந்தது. "மொளகாயை எடுத்துக் கண்ணுல வச்சேன். என்னாலதான் மழை இல்லைன்னு சோறு எறங்காம கெடந்தேன். நீ என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டு இருந்திருக்கே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னடா?"

அறைந்துவிட வேண்டும் போலத்தான் இருந்தது. கை கூட எழுந்தது.

வெள்ளியங்கிரி தலையை நிமிர்த்தவில்லை. "சொன்னா உனக்குச் சிரிப்பு வந்துடும். உனக்குச் சிரிப்பு வந்துட்டா, எனக்கு எங்கடா வரும்? இன்னிக்குக் குடையை நீட்டினே பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு, உள்ளுக்குள்ள சிரிக்கிறேன்னு. அதுக்கப்புறம் நானும் நீயும் ரெண்டு கெழவனுங்க, வெயில்ல நிக்கிறோம், அவ்வளவுதான். ஒண்ணுமே இல்ல மச்சான். எவ்வளவோ பார்த்தேன், வரல."

கருப்பண்ணன் எழுந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பந்தியில் யாரோ அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் அவருக்கு இலை போட்டு வைத்திருந்தார்கள். அவர் போகவில்லை, வெள்ளியங்கிரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தப் படத்துல நெட்டையன் ஒருத்தன் வருவானாமே, அவன் எப்படி?" என்று வெள்ளியங்கிரி கேட்டார்.

"நல்லா பண்றான். வயிறு புண்ணாயிப்போச்சு எனக்கு."

"இருக்கும். ஆனா உன் பக்கத்துல வர முடியாது." சொல்லிவிட்டு வெள்ளியங்கிரி கொஞ்ச நேரம் பரிவட்டத்தின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். "மச்சான், அடுத்த ஆனிக்குள்ள உன்னால அந்தப் படத்தை மறக்க முடியுமா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. கருப்பண்ணனும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், நன்றாக யோசித்துப் பார்த்தார்.

"முடியாது மாப்ள" என்றார்.